கட்டி இருக்கும்போதே கேட்ட கேள்வி

அந்த ஒப்புதல் படிவத்தில் 16 பக்கங்கள் இருந்தன. அக்கா அதை மூன்று முறை படித்தாள். முதல் முறை வேகமாக, கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது போல. இரண்டாவது முறை கையில் பென்சிலோடு. மூன்றாவது முறை என்னை எதிரே உட்காரவைத்து, சத்தமாக. "இந்த ஆய்வில் பங்கேற்பதால் உங்களுக்கு நேரடிப் பலன் கிடைக்காமலும் போகலாம்" என்ற வரி வந்ததும் நிறுத்தினாள். அதன் கீழே ஏற்கெனவே இரண்டு கோடுகள் போட்டிருந்தாள்.

"இதை இவர்களே எழுதியிருக்கிறார்கள், பார்த்தாயா? இதை மறைக்காதவர்கள் மற்றதையும் மறைக்க மாட்டார்கள்" என்றாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. 2018ஆம் ஆண்டு. இடது மார்பில் 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லை, ஹெர்2 என்ற புரதத்தின் மிகுதியும் இல்லை. 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்று சொல்லப்படும் வகை. உடனே அறுத்து எறிந்துவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போன எங்களிடம், முதலில் கீமோதெரபி, ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொன்னார். அதோடு, விருப்பம் இருந்தால், வழக்கமான கீமோவுடன் ஒரு புதிய மருந்தைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு நடக்கிறது, அதிலும் சேரலாம் என்றார். அந்த மருந்துக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. சில எழுத்துகளும் சில எண்களும் மட்டுமே.

அன்று இரவு நானும் அத்தானும் நெடுநேரம் பேசினோம். இருவர் மனத்திலும் ஒரே கேள்விதான். தெரிந்தே ஒரு புற்றுநோய்க் கட்டியை ஆறு மாதம் உடம்புக்குள் ஏன் வைத்திருக்க வேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இதையெல்லாம் படித்தேன். இன்று அதே நிலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு உதவும் என்றால், நான் கற்றுக்கொண்டதை எழுதி வைப்பதுதான் முறை.

அறுவைக்கு முன்னால் மருந்து கொடுப்பது புதிய யோசனை இல்லை. முதலில் அது அறுவைக்கு அடங்காத அளவுக்குப் பெருத்துவிட்ட கட்டிகளுக்கான வழியாக இருந்தது. சுருக்கினால்தான் அறுக்க முடியும் என்பதால் முதலில் மருந்து. அறுக்கக்கூடிய கட்டிக்கும் இது பொருந்துமா என்பதை அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையிலான குழு பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 1988இல் தொடங்கிய அந்த ஆய்வில் 1,523 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு அறுவைக்கு முன் கீமோ, பாதிப் பேருக்கு அறுவைக்குப் பின் அதே கீமோ, அதே அளவு. ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது உயிர் பிழைத்திருந்தவர்களின் விகிதத்தில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. முன்னால் கொடுத்தவர்களில் அதிகம் பேருக்கு மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தது.

ஆகவே காத்திருப்பதால் அக்காவுக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பது புரிந்தது. ஆனால் அந்த ஆய்விலிருந்து கிடைத்த இன்னொரு செய்திதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. முன்னால் கீமோ பெற்றவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு, அறுவையில் எடுத்த மார்புத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது பரவும் தன்மையுள்ள புற்றணு ஒன்றுகூட இல்லை. மருந்தே முழுவதையும் தீர்த்துவிட்டிருந்தது. அப்படித் தீர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாழ்ந்தார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கட்டியை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கீமோ கொடுத்தால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் எங்கேயாவது தங்கியிருக்கலாம் என்ற ஊகத்தில் மருந்து ஏற்றுகிறோம். பலன் தெரிய வேண்டுமானால் நோய் திரும்பி வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திரும்பி வந்தபிறகு தெரிந்துகொண்டு என்ன செய்வது? கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்து கொடுத்தால் மூன்றே வாரத்தில் ஸ்கேனில் தெரிகிறது, ஆறு மாதத்தில் நுண்ணோக்கியில் தெரிகிறது. எங்களை அச்சுறுத்திய அந்தக் கட்டியேதான் மருந்தைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே சாட்சி.

புதிய மருந்தைச் சோதிப்பவர்களுக்கு இந்த ஆறு மாதத்தின் அருமை தெரியும். வழக்கமாக ஒரு புதிய புற்றுநோய் மருந்து, வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காமல் நோய் உடம்பெங்கும் பரவியவர்களிடம்தான் முதலில் சோதிக்கப்படும். அங்கே வெற்றி பெற்றால், பிறகு ஆரம்ப நிலை நோயாளிகளிடம் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்து, பல ஆண்டு காத்திருந்து பார்ப்பார்கள். முழுதாகக் குணமாகும் வாய்ப்புள்ளவர்களை மருந்து வந்து சேரும்போது பத்து ஆண்டுகளுக்கு மேல்கூட ஆகிவிடும். அதற்குள் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

இந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் 'ஐ-ஸ்பை 2' என்ற ஆய்வு. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்பக அறுவை நிபுணர் லாரா எஸ்ஸர்மனும், எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியல் அறிஞர் டொனால்ட் பெர்ரியும் வடிவமைத்து 2010இல் தொடங்கினார்கள். அக்கா சேர்ந்தது அந்த ஆய்வில் அல்ல. ஆனால் இந்தத் துறையில் யார் எதைப் பேசினாலும் கடைசியில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது.

அதன் எலும்புக்கூடு எளிமையானது. இரண்டரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ கட்டியுள்ள, மீண்டும் வரும் ஆபத்து அதிகமுள்ள பெண்கள். எல்லோருக்கும் அடித்தளமாக அன்றைய வழக்கமான சிகிச்சை: 12 வாரம் வாரம் ஒரு முறை பேக்லிடாக்செல், பிறகு டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் நான்கு முறை, பிறகு அறுவை. ஒரு பகுதியினருக்கு இது மட்டும். மற்றவர்களுக்கு முதல் 12 வாரத்தில் இதோடு ஒரு சோதனை மருந்தும் சேரும். ஒரே நேரத்தில் பல மருந்துகள் வரிசையில் நிற்கும். ஒன்று வெளியேறினால் இன்னொன்று உள்ளே வரும். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி ஆய்வு தொடங்கி, தனித்தனியாக அனுமதி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒப்பிட ஒரு தனிக் கூட்டத்தைச் சேர்க்கும் வீண்வேலை இல்லை.

யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி தீர்மானிக்கும். சாதாரணக் குலுக்கலில் எல்லா வாய்ப்பும் கடைசிவரை சமமாகவே இருக்கும். இங்கே அப்படி இல்லை. கட்டிகளை ஹார்மோன் ஏற்பி, ஹெர்2, ஒரு மரபணுச் சோதனையின் முடிவு ஆகியவற்றை வைத்து வகை பிரிக்கிறார்கள். ஒரு வகைக் கட்டியில் ஒரு மருந்து நன்றாக வேலை செய்வதாக முதலில் வந்தவர்களின் ஸ்கேனும் அறுவையும் காட்டினால், அடுத்து அதே வகைக் கட்டியோடு வரும் பெண்ணுக்கு அந்த மருந்து கிடைக்கும் வாய்ப்பைக் கணினி கூட்டிவிடும். முன்னால் வந்தவளின் அனுபவம் பின்னால் வருபவளுக்கு ஆய்வு நடக்கும்போதே உதவுகிறது. புள்ளியியலில் இவ்வளவு கருணை இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு மருந்துக்கு அதிகபட்சம் 120 பேர். அதற்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்: 300 பேர் கொண்ட பெரிய ஆய்வுக்கு இதை அனுப்பினால் வெற்றி பெறும் வாய்ப்பு எவ்வளவு? 85 சதவீதத்தைத் தொட்டால் மருந்து 'பட்டம் பெற்றது' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தொடும் வாய்ப்பே இல்லையென்றால் அதோடு கைவிட்டுவிடுவார்கள். கைவிடுவதும் எனக்கு நல்ல செய்தியாகவே படுகிறது. வேலை செய்யாத மருந்தை 100 பேரோடு நிறுத்திவிட்டால் ஆயிரம் பேர் அதன் பக்கவிளைவைச் சுமக்க வேண்டியதில்லை.

முதலில் பட்டம் பெற்றவற்றில் ஒன்றின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்த ஒரே கதையில் இருக்கின்றன. வெலிபாரிப் என்ற மருந்தையும் கார்போபிளாட்டின் என்ற பழைய மருந்தையும் ஜோடியாக வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தார்கள். டிரிப்பிள் நெகட்டிவ் பெண்களில் கட்டி முழுதாக மறையும் விகிதம் வழக்கமான சிகிச்சையில் 26 சதவீதம் என்றும், ஜோடி மருந்து சேர்ந்தபோது 51 சதவீதம் என்றும் மதிப்பிட்டார்கள். 2016இல் இது வெளிவந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு 634 பேர் கொண்ட பெரிய ஆய்வு ஒன்று ஜோடியைப் பிரித்துப் பார்த்தது. பேக்லிடாக்செல் மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம். கார்போபிளாட்டின் சேர்ந்தபோது 58. வெலிபாரிப்பும் கூடவே சேர்ந்தபோது 53. வேலையைச் செய்தது முழுக்க முழுக்கப் பழைய கார்போபிளாட்டின். புதியவர் சும்மா கூட வந்திருக்கிறார்.

இதைத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சின்ன ஆய்வு ஒரு வாசலைக் காட்டியது, பெரிய ஆய்வு அந்த வாசலில் நின்றது யார் என்று சொன்னது. ஆனால் சின்ன ஆய்வின் எண்ணை வைத்தே ஒரு மருந்தை நம்பிவிடக் கூடாது என்பதையும் அன்றே குறித்துக்கொண்டேன். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வு என்றால், பலன் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

அக்காவின் கதைக்குத் திரும்புகிறேன்.

கீமோ தொடங்குவதற்கு முன்னால் கட்டிக்குள் ஒரு உலோகத் துணுக்கை வைத்தார்கள். கிளிப் என்கிறார்கள். சில மில்லிமீட்டர் நீளம், அரிசி மணியைவிடச் சிறியது. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, இன்னொரு ஊசியின் வழியாக உள்ளே தள்ளினார் மருத்துவர். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அக்கா திரையைப் பார்க்க வேண்டும் என்றாள். சாம்பல் நிறத்தில் ஒழுங்கற்ற ஒரு கரும்பரப்பு, அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று.

"இது எதற்கு, டாக்டர்?"

"மருந்து நன்றாக வேலை செய்தால் கட்டி எங்கே இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். அப்போது நாங்கள் எதை எடுப்பது? இடத்தைக் காட்ட இது வேண்டும்."

அந்தப் பதில் அக்காவுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்பதை அந்த மருத்துவர் அறிந்திருக்க மாட்டார். கட்டி காணாமல் போகும் நாளுக்காக இப்போதே ஏற்பாடு செய்கிறார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள்.

ஆய்வில் சேரக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. "உன்னைச் சோதனை எலியாக்கிவிடுவார்கள்" என்று நான் சொன்னது உண்மை. ஒரு பயம் எனக்கு: ஒரு பக்கத்தவருக்கு உண்மையான மருந்தும் இன்னொரு பக்கத்தவருக்கு வெறும் உப்புநீரும் ஏற்றுவார்கள், அக்காவுக்கு உப்புநீர் வந்துவிட்டால் என்ன செய்வது? பிறகுதான் தெளிவானது. இத்தகைய ஆய்வில் யாரையும் சிகிச்சை இல்லாமல் விடுவதில்லை. அன்றைய நாளில் மிகச் சிறந்தது என்று ஏற்கப்பட்ட சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. கேள்வி அதன் மேல் சேர்க்கும் ஒன்றைப் பற்றியது மட்டுமே. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம் என்றும் அந்தப் படிவத்தில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஆய்வுப் பிரிவின் செவிலியர் அழைத்தார். கணினி அக்காவை வழக்கமான சிகிச்சைப் பிரிவில் போட்டிருந்தது. புதிய மருந்து இல்லை.

அழைப்பை வைத்துவிட்டு அக்கா நெடுநேரம் பேசவில்லை. பயந்துகொண்டிருந்த நான் நிம்மதி அடைந்தேன், துணிந்திருந்த அவள் ஏமாந்துபோனாள். ஒரே செய்தி இருவருக்கும் எதிரெதிராக வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் அவளே செவிலியரைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், புதிய மருந்து எனக்கு இல்லையென்றால் நான் இந்த ஆய்வில் எதற்கு?" என்று கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "உங்களைப் போன்றவர்கள் இல்லாமல் அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று எங்களால் சொல்லவே முடியாது. எதனோடு ஒப்பிடுவோம்?"

அந்தப் பதிலில் இருக்கும் நியாயம் எனக்கு முழுதாக உறைத்தது பின்னால், எண்களைப் படித்தபோது. வெலிபாரிப் ஜோடிக்கு வந்த 51 என்ற எண் தனியாக நின்றால் ஒன்றும் இல்லை. பக்கத்தில் 26 இருப்பதால்தான் அதற்குப் பொருள். அந்த 26 வானத்திலிருந்து வரவில்லை. புதிய மருந்தை எதிர்பார்த்து வந்து, கிடைக்காமல், இருந்தும் விலகிப் போகாமல், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் வந்து நின்ற பெண்கள் கொடுத்த எண் அது. புதிய மருந்து பெற்றவர்களின் துணிச்சலைப் பற்றி எழுதுகிறார்கள். இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

கீமோ நடந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடி கொட்டியது, விரல் நுனிகள் மரத்துப்போயின, நாவில் உலோகச் சுவை. கீமோ பெற்றவர்களுக்குத் தெரியும், பெறாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. மூன்றாம் வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி ஓரளவு சுருங்கியிருந்தது. அக்காவுக்கு அது போதவில்லை. அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்: தேதி, நீளம், அகலம். பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் வரைந்திருப்பாள். ஒவ்வொரு வட்டமும் முந்தையதைவிடக் கொஞ்சம் சிறிது.

இப்போது ஆபத்துகளைப் பற்றி நேராகப் பேச வேண்டும். இங்கே பூசி மெழுகுவது பாவம்.

நோய் எங்கும் பரவி, வேறு வழியில்லாத ஒருவர் புதிய மருந்தை முயல்வது வேறு. அறுவைக்கு முந்தைய ஆய்வில் சேர்பவர்களில் பலர், வழக்கமான சிகிச்சையிலேயே முழுதாகக் குணமாகக் கூடியவர்கள். அவர்களுக்கு முன்னால் 30, 40 ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. புதிய மருந்து வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஒரு கேட்டைத் தந்துவிட்டால் அது சின்ன விஷயம் இல்லை. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் சிலருக்குத் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கின்றன. சிலருக்குச் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி நின்றுபோகிறது. நின்றுபோனால் நாள்தோறும் மாத்திரையில் ஹார்மோன் எடுக்க வேண்டும், ஒரு சாதாரணக் காய்ச்சலில்கூட அளவைக் கூட்ட மறந்தால் உயிருக்கே ஆபத்து. அது நிகழ்வது சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரில் ஒருவராக நீங்கள் இருந்தால் உங்களுக்கு அது நூறு சதவீதம்.

பக்கவிளைவு கடுமையாகி அறுவை தள்ளிப்போகலாம். மருந்து வேலை செய்யாமல் கட்டி வளரவும் வளரலாம். அது அரிது, ஆனாலும் அதற்காகத்தான் இடையிடையே ஸ்கேன். "வளர்கிறது என்று தெரிந்தால் எத்தனை நாளில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். கூடுதலாக எடுக்கும் பயாப்ஸிகளில், அதாவது ஊசியால் எடுக்கும் திசு மாதிரிகளில், எவை என் சிகிச்சைக்கு, எவை ஆராய்ச்சிக்கு மட்டும் என்றும் கேட்க வேண்டும். அக்கா கேட்டாள். ஒன்று முழுக்க ஆராய்ச்சிக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கும் சரி என்றாள்.

பெம்ப்ரோலிசுமாப்பைப் பற்றிச் சொன்னதால் அதன் கதையையும் முடித்துவிடுகிறேன். ஐ-ஸ்பை 2இல் அதைச் சேர்த்தபோது, டிரிப்பிள் நெகட்டிவ் பெண்களில் கட்டி முழுதாக மறையும் விகிதம் 22 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்ததாக மதிப்பீடு. பிறகு 1,174 பேர் கொண்ட பெரிய ஆய்வு. அங்கே வழக்கமான சிகிச்சையே கார்போபிளாட்டினோடு பலமாக இருந்ததால் வித்தியாசம் குறைந்தது: முதலில் வெளிவந்த கணக்கில் 51.2 சதவீதத்துக்கு எதிராக 64.8. இந்த எண்ணை வைத்து மட்டும் அனுமதி தரலாமா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் தன் ஆலோசனைக் குழுவைக் கேட்டது. பத்துப் பேரும் ஒரே குரலில், பொறுங்கள், நீண்டகால முடிவு வரட்டும் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் நோய் திரும்புவது குறைகிறது என்ற முடிவு வந்தது, அனுமதியும் வந்தது. 2024இல், ஐந்து ஆண்டு உயிர் பிழைத்திருந்தவர்கள் 81.7 சதவீதத்துக்கு எதிராக 86.6 சதவீதம் என்று வெளிவந்தது.

அந்தப் பத்துப் பேர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். கட்டி மறைவது ஒரு நல்ல அறிகுறி. ஆனால் அறிகுறி வேறு, ஆயுள் வேறு. 2014இல் 12 ஆய்வுகளைச் சேர்ந்த 11,955 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து அலசினார்கள். தனி ஆளாகப் பார்த்தால், கட்டி முழுதாக மறைந்தவர் நீண்ட காலம் வாழ்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மருந்து மறையும் விகிதத்தை இவ்வளவு கூட்டினால் ஆயுளும் இவ்வளவு கூடும் என்று கணக்குப் போட முடியவில்லை. 2013இல் பெர்டுசுமாப் என்ற மருந்துக்குக் கட்டி மறையும் விகிதத்தை வைத்து அமெரிக்காவில் முதன்முறையாக விரைவு அனுமதி கொடுத்தபோதும், பெரிய ஆய்வு ஒன்று பின்னால் உறுதி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். சீக்கிரம் தெரிய வேண்டும் என்ற தவிப்பும் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இரண்டும் நியாயமானவை. நோயாளியின் வீட்டில் இருந்து பார்த்தவன் என்பதால் முதலாவது எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவதைப் படித்துத்தான் ஏற்றுக்கொண்டேன்.

அக்காவின் அறுவை முடிந்தது. எடுத்த திசுவை உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள், கிளிப் அதில் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. பிறகு அது நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போயிற்று. அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு மருத்துவர் எங்களுக்கு உட்கார்ந்து விளக்கினார். எந்தப் பக்கம் எது என்று தெரிய ஓரங்களில் வெவ்வேறு நிற மை பூசுகிறார்கள். ரொட்டியை அறுப்பதுபோல் வில்லை வில்லையாக அறுக்கிறார்கள். கிளிப் இருந்த இடத்தைச் சுற்றிக் கட்டி குடியிருந்த பகுதியை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கிறார்கள். மருந்து வென்ற இடத்தில் வெறும் தழும்புத் திசுவும், இறந்த அணுக்களைத் தின்று வீங்கிய துப்புரவு அணுக்களும் கிடக்கும். வெல்லாத இடத்தில் புற்றணுக்கள் சின்னச் சின்னத் தீவுகளாக நிற்கும். அந்தத் தீவுகள் பரந்திருக்கும் இடத்தின் நீளம், அகலம், அதில் எத்தனை சதவீதம் புற்றணு, அக்குளில் எத்தனை நிணநீர்க் கணுக்களில் பாதிப்பு, அவற்றில் மிகப் பெரியது எவ்வளவு என்று அளந்து, மிச்சமே இல்லையென்றால் பூஜ்யம், அதிகம் மிச்சமென்றால் மூன்று என்று ஒரு தரம் போடுகிறார்கள். எம்.டி. ஆண்டர்சனில் ஃபிரேசர் சிம்மன்ஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவரின் குழு 2007இல் வகுத்த முறை இது.

அக்காவுக்கு ஒன்று வந்திருந்தால் நிம்மதி அடைந்திருப்போம். இரண்டு வந்தது.

அழுதாள். ஆறு மாதமும் வீணா என்று கேட்டாள். அந்த மருத்துவர் சொன்ன பதிலை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "முதலிலேயே அறுத்திருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம்."

மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் செய்ய ஒரு வழி இருந்தது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் 910 பேரிடம் நடந்த ஆய்வொன்று, அறுவைக்கு முன் கீமோ பெற்றும் கட்டி மிச்சமிருந்தவர்களுக்குக் கேப்சிடபின் மாத்திரை கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017இல் காட்டியிருந்தது. டிரிப்பிள் நெகட்டிவ் பெண்களிடம் பலன் இன்னும் அதிகம். அக்காவுக்கு அந்த மாத்திரை கொடுத்தார்கள். ஹெர்2 வகையில் மிச்சமிருப்பவர்களுக்கு டி-டிஎம்1 என்ற மருந்துக்கு மாற்றினால், மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பாதவர்கள் 77 சதவீதத்திலிருந்து 88.3 சதவீதமாக உயர்கிறார்கள் என்று 2019இல் வெளிவந்தது. இந்த இரண்டு ஆய்வையும் கட்டி மிச்சமிருந்தவர்கள்தான் சாத்தியமாக்கினார்கள்.

இந்த யோசனை மார்பகத்தோடு நிற்கவில்லை. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில், அறுவைக்கு முன் இரண்டு எதிர்ப்பாற்றல் மருந்துகளைச் சேர்த்து இரண்டே தவணை கொடுத்தவர்களில் ஓராண்டுக்குப் பிறகு நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் 83.7 சதவீதம், அறுவைக்குப் பின் அவற்றில் ஒன்றை மட்டும் கொடுத்தவர்களில் 57.2 என்று 2024இல் வந்தது. கட்டி உள்ளே இருக்கும்போது எதிர்ப்பணுக்களுக்கு எதிரியின் முகம் தெரிகிறது, எடுத்துவிட்டால் எதைப் பார்த்துப் பழகுவது என்பது விளக்கம். மலக்குடலில் ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறையுள்ள புற்றுநோய் வந்த 12 பேருக்கு டாஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்ததில் பன்னிரண்டு பேருக்கும் கட்டி மறைந்து, அறுவையே தேவைப்படவில்லை என்று 2022இல் படித்தபோது, அக்காவைக் கூப்பிட்டு அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்தேன்.

ஐ-ஸ்பையும் இப்போது மாறிவிட்டது. முதலில் புதிய மருந்துகளை மட்டும் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஸ்கேனும் பயாப்ஸியும் நன்றாக இருந்தால் கடுமையான கீமோ இல்லாமலேயே அறுவைக்குப் போகலாம், போதவில்லை என்றால் அடுத்த கட்டச் சிகிச்சைக்கு மாற்றுகிறார்கள். அக்கா 2018இல் பெற்ற வழக்கமான சிகிச்சை, அவளைப் போன்ற ஒரு பெண்ணுக்கு இன்றைய வழக்கம் இல்லை. மூன்றே ஆண்டில் அது பழையதாகிவிட்டது. அவளிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். சொன்னபோது, "பழையதாக வேண்டும் என்றுதானே கையெழுத்துப் போட்டேன்" என்றாள்.

இன்றும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். நடுவில் செவிலியர் மாறிவிட்டார், புதியவரின் குரலும் அக்காவுக்குப் பழகிவிட்டது. மற்ற அழைப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவள், இதற்கு மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவாள். பழைய நோட்டைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வாள். போன முறை வந்தபோது நான் கூடவே இருந்தேன். புதிதாக வலி ஏதும் உண்டா, எடை எவ்வளவு, மருத்துவமனையில் சேர நேர்ந்ததா, வேறு மருந்துகள் எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், விரல் மரத்திருப்பது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் நிறுத்தினாள். கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"வலது கையில் இரண்டு விரலில் இன்னும் இருக்கிறது, சிஸ்டர். இடது கையில் போய்விட்டது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள்.